திரை மறைக்காத சத்தம்

அன்புள்ள என் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்ற கதைக்குத் தாவுவது என் வழக்கம். இந்த முறை அந்த வரியின் பாதியிலேயே பேனா நின்றுவிட்டது. நீ நலமா என்று இன்றைக்குக் கேட்கப்போவதில்லை, நீயும் எப்போதும் போல சூப்பரா இருக்கேன் என்று சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ இதைப் படிக்கும்போது அவர் ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டிருப்பார். நிற்கட்டும், நின்று பழகிய கால்தான். நீ கட்டிலில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா ஏன் இப்படி மொட்டையாக எழுதுகிறாள் என்று பயந்துபோவாய். அப்பாவுக்கு டிப்போவில் வேறு ரூட் போட்டுவிட்டார்கள். கூட்டமே இல்லாத ரூட்டாம். கண்டக்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து கத்திய கத்தல், உள்ள போங்க உள்ள போங்க நடுவுல நிக்காதீங்க, அதைக் கத்த ஆளில்லாமல் தொண்டை துருப்பிடிக்கிறது என்று புலம்பல். அந்தக் குறையைத் தீர்க்க வீட்டில் நான் சமையலறை வாசலில் நின்றால் என்னைப் பார்த்துக் கத்துகிறார். நான் தைக்கிற கடையில் ஒரு பெரிய விடுதிக்குத் திரைச்சீலை ஆர்டர் வந்திருக்கிறது, தைத்துத் தைத்து இடுப்பு போய்விட்டது. மாடிப்படிக்கு வீட்டுக்காரர் புது பெயிண்ட் அடித்திருக்கிறார், அது என்ன நிறம் என்று அவருக்கே தெரியவில்லை. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், அவர்கள் பெண்ணும் உன்னைப் போல நர்சிங்தான் படிக்கிறாள், ஆனால் வேறு ஊரில் வேறு காலேஜ், இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீ கேட்ட செருப்பு அப்பா பையில் இருக்கிறது, ஒரு அளவு பெரியதுதான். கேட்ட தலையணையும் இருக்கிறது. சாயங்காலமானால் பழைய செருப்பு காலில் நுழையவில்லை, ஹாஸ்டல் சாப்பாடு நேராக பாதத்துக்குப் போகிறது என்று நீ ஜோக் அடித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு தலையணை வைத்துப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இன்னொன்று அனுப்பு, உன் மகளுக்கு ராணி மாதிரி படுக்கத்தான் பிடிக்கிறது என்றாய். அதற்கும் சிரித்தேன். இப்போது இரண்டையும் பையில் வைத்துக் கட்டும்போது சிரிப்பு வரவில்லை.

நீ சேர்ந்த புதிதில் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் வகுப்பில் ஒருத்தி மேல் ஒருத்தி பழக வேண்டும், வயிற்றை அமுக்குவது, முதுகைத் தட்டிப் பார்ப்பது, நெஞ்சில் வைத்துக் கேட்பது எல்லாம் கூடப் படிக்கிறவர்கள் மேல்தான், அப்படிப் போய்ப் படுப்பதற்கு ‘ஆள் கொடுக்கிறது’ என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றாய். இன்றைக்கு நீ ஆள் கொடுத்தால் நாளைக்கு இன்னொருத்தி, அப்படி முறை. பொத்தானை அவிழ்க்கச் சொன்னதும் அழுதாளே ஒருத்தி, நீங்கள் அழுமூஞ்சி என்று கூப்பிடுகிறவள், அவள் முறை வந்த அன்றைக்கு அவளுக்குப் பதிலாக நீ போய்ப் படுத்தாய். போனில் அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை, கடையில் எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்குத்தான் உங்கள் டியூட்டர் மேடம் உன் நெஞ்சில் அந்தச் சத்தத்தைக் கேட்டார். லப்புக்கும் டப்புக்கும் நடுவில் புஸ்ஸென்று ஒரு காற்று. ஒல்லியான பெண்களுக்கு இப்படிக் கேட்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பாடத்துக்கு அருமையான சத்தம் என்றாராம். அதோடு முறை என்பது போயே போய்விட்டது. நெஞ்சுப் பாடம் என்றால் நீதான் படுக்க வேண்டும், வகுப்பே வரிசையில் வந்து கேட்கும், பக்கத்து வகுப்பும் வரும், மாட்டேன் என்றால் செய்முறை மார்க்கில் கை வைப்பார்கள். வருகிற செய்முறைப் பரீட்சைக்கும் உன்னைத்தான் படுக்க வைக்கப்போகிறார்கள் என்றாய்.

பயிற்சி அறையில் கட்டிலைச் சுற்றின திரை ஒரு சாண் குட்டை, கதவில் கண்ணாடி, பையன்கள் அந்த வழியாகத்தான் வகுப்பு மாறுகிறார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கே துணி வெட்டினேன். தரை வரைக்கும் இறங்குகிற மாதிரி, நடுவில் இடைவெளி விழாத மாதிரி இரட்டை அகலத்தில் தைத்து வளையத்தோடு அனுப்பினேன். உங்கள் மேடம் இரண்டு நாள் மாட்டிவிட்டு, பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்று கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதைதான். அவர் நெஞ்சா, என் பெண்ணின் நெஞ்சுதானே, தாராளமாக அள்ளி அள்ளிக் கொடுக்கலாம். அதற்கப்புறம் சத்தம் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்று உன்னை மாடிப்படி ஏறி இறங்கி வரச் சொல்லிவிட்டுப் படுக்க வைத்தார்களாம். போனோடு சேர்ந்த புது ஸ்டெதாஸ்கோப்பில் அதைப் பதிவு பண்ணினார்களாம். பதிவு எதற்கு என்று நான் சண்டைக்கு வந்தபோது, அதுல என் பேரே இருக்காதும்மா, ப்ரைவசின்னு ஒண்ணு இருக்குல்ல, பேரை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க என்று எனக்கே பாடம் எடுத்தாய். சரி, படிக்கிற பெண் சொல்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் மாடி வீட்டுப் பெண் சீருடையைச் சுருக்கித் தரச் சொல்லி வந்தாள். நான் தைக்கிற வரைக்கும் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். பாட்டா என்று கேலி செய்தேன். பாட்டு இல்லீங்க ஆன்ட்டி, நெஞ்சு சத்தம், பரீட்சைக்கு இதைக் கேட்டே கண்டுபிடிக்கணும் என்று சொல்லி ஒயரை என் காதில் மாட்டிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதலில் லப், புஸ், டப். ஏதோ கிழிந்த துருத்தி ஊதுகிற மாதிரி இருந்தது. குழந்தையில் என் மேல் படுத்துத் தூங்கிய நெஞ்சுதான், ஆனால் சத்தத்தை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை, அந்த அளவுக்குக் கெட்டிக்காரி இல்லை. கடைசியில் அந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கிற சமயத்தில் ஒரு கரகரப்பு, அதற்குப் பிறகு மூச்சு வாங்க வாங்க ஒரு பெண் குரல். “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க.” அப்புறம் சிரிப்பு. விக்கல் வந்த மாதிரி முடிகிற உன் சிரிப்பு.

ஒயரைக் காதிலிருந்து கழற்றினேன். இது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன். அவள் காலேஜுக்கு வேறு ஏதோ காலேஜிலிருந்து வந்ததாம், அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ போயிருக்கிறதாம், எல்லா ஊர் நர்சிங் பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் படிக்கிறார்களாம். கடைசியில் அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுதே, அது செம காமெடி என்று அவள் சிரித்தாள். பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். அவர்கள் மேடம் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டில் வேலை பார்த்தவராம். இந்தப் பதிவை முதன்முதலாக வகுப்பில் போட்டபோது பாதியில் நிறுத்திவிட்டு யாருடைய நெஞ்சு இது என்று கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. பேரை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க மேடம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர் சொன்னாராம்: “இது சும்மா சத்தம் இல்ல. வால்வு மூடாம ரத்தம் பின்னாடி ஓடுது. இந்தப் பொண்ணைப் படுக்க வெச்சுப் பாடம் நடத்தக்கூடாது, உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும். யாராச்சும் அதுகிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நம்புவோம்.” அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். யாரிடம் போய்ச் சொல்வார், பாவம், விலாசம் இல்லாத நெஞ்சு.

சுண்டு, யாரும் உன்னிடம் சொல்லவில்லை. உன் மானத்தைக் காக்கிறேன் என்று உன் பெயரை எடுத்தவர்கள், உன் உயிர் விஷயத்தை உன்னிடம் கொண்டுவருகிற வழியையும் அடைத்துவிட்டார்கள். நான் திரையின் நீளத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மாடிப் பெண்ணிடம் இது என் பெண் என்று நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சத்தத்துக்குப் பெயர் வந்துவிடும், அடுத்த நாள் அதுவும் சேர்ந்து ஊர் சுற்றும். எனக்கும் ஒன்று அனுப்பு, கேட்க நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், வந்துவிட்டது. அவ்வளவு சுலபம். அவள் சீருடையைக் கோணலாகத் தைத்திருந்தேன், பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், அறைப் பெண்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். உன் நெஞ்சைப் பற்றி இன்னொரு தடவை நாலு பேர் முன்னால் பேச மாட்டேன் என்று ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன். அணைத்தாய், ஆனால் நான் டாக்டர் என்று ஆரம்பித்ததுமே சிரித்தாய். இத்தனை பேர் கேட்டிருக்காங்கம்மா, கெட்டதா இருந்தா ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா என்றாய். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மேலே பேசுவதற்குள் வார்டன் வந்தார், பரீட்சை முடியும் வரை போனை வாங்கி வைக்கிறார்கள் என்று வைத்துவிட்டாய். அந்த ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியதைக் கேட்டேன். படியேறி வந்தேன் என்றாய். உன் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது.

காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த கிளார்க் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நர்சிங் காலேஜுங்கம்மா இது, இங்க இல்லாத டாக்டரா, பொண்ணை நல்லாத்தான் பாத்துக்கறோம், எதுவா இருந்தாலும் எழுதிக் கொடுங்க என்றார். பரீட்சை அன்றைக்கு அவள் படுக்கக்கூடாது என்றேன். எல்லாம் மேடம் பாத்துப்பாங்க என்றார். உங்கள் மேடத்துடன் பேச வேண்டும் என்றால் தேர்வு வேலையில் இருக்கிறாராம்.

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் சொன்னேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் அவரிடம் பேசியதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பதிவைக் காதில் மாட்டிவிட்டேன். கடைசி வரைக்கும் கேட்டார். ஒயரை மெதுவாகக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “என்னை மாதிரியே கத்துறா” என்றார். டிப்போவுக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வந்து பையை எடுத்தார். வண்டிகள் நேரத்துக்குக் கிடைத்தால் உன் தேர்வு நாள் காலையில் அங்கே இருப்பார். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

இப்போது நான் சொல்வதை மட்டும் கேள். வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள், நீதான் படுக்க வேண்டும், நீ இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு மார்க் போய்விடும் என்று அவர்கள் சொல்வார்கள். போகட்டும். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், அழுமூஞ்சி கூட உனக்காக இன்றைக்குப் போய்ப் படுப்பாள். நோயாளியிடம் அனுமதி கேட்காமல் விரல் வைக்காதே என்று உங்களுக்குத்தானே சொல்லித் தருகிறார்கள்? உன்னிடம் ஒரு முறையாவது கேட்டார்களா? மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அப்பாவிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவருக்குக் கூச்சம். அவர் உன்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், டாக்டர் அறைக்குள் நீ தனியாகப் போ, அவர் வெளியே பெஞ்சில் இருப்பார். அங்கே கதவைச் சாத்தச் சொல். உன் பெயரை முழுசாகச் சொல். இத்தனை பேர் உன் நெஞ்சில் பாடம் கேட்டார்கள், ஒருத்தராவது உன்னைக் கேட்கட்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள் என்று எழுதினால் சண்டைக்கு வருவாய், ஆனாலும் எழுதுகிறேன், எடுத்துக்கொள். உங்கள் பயிற்சி அறை மூன்றாவது மாடி என்று தெரியும். யார் கூப்பிட்டாலும், எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தப் படியில் கால் வைக்காதே. மெதுவாக வாசலுக்கு வா, பெரிய செருப்பை அப்பாவிடம் வாங்கிப் போட்டுக்கொள். ஊரையே ஏறு ஏறு என்று விரட்டியவர்தான், இன்றைக்கு நீ வந்து சேருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நிற்பார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா