பச்சை மஞ்சள் வயர்

1983, மார்ச், சனி இரவு

தம்பி சேகரின் பேஸ் கிட்டாருக்குச் சுரத்தை நீட்டித் தருகிற கம்ப்ரஸர் பெடலை இன்று மத்தியானம் நான்தான் சரிசெய்தேன். தொழிற்சாலையில் தினமும் ஈயம் பற்றவைக்கிற கை. கெட்டுப்போன கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்று வைத்தேன். அடிச்சுரம் அறுந்துபோகாமல் நீண்டு நின்றது. கூடவே ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் ஏறிவிட்டது.

"இந்த எரச்சலோட எப்படிக்கா வாசிக்கிறது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரைச்சல் நின்றிருந்தது. "நாங்களும் ரிப்பேர் பண்ணுவோம்லா!" என்று சிரித்துக்கொண்டே வேனில் ஏறினான். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக் கோயில் திருவிழா. அங்கேதான் கச்சேரி.

மேசையை ஒதுக்கும்போதுதான் அந்தப் பச்சை மஞ்சள் வயர்த் துண்டு கண்ணில் பட்டது. இரைச்சலை நிறுத்த ஆம்ப்ளிஃபயர் பிளக்கிலிருந்து எர்த் வயரை வெட்டியிருக்கிறான். இனி உள்ளே கரண்டு கசிந்தால் மண்ணுக்குப் போகாது, கிட்டார் கம்பிக்குத்தான் வரும். அவனோ எர்த் உள்ள மைக்கில் உதட்டை ஒட்டிக்கொண்டு பாடுகிறவன்.

அந்தத் தோட்டத்தில் போன் கிடையாது. மழை வேறு பிடித்துக்கொண்டது. அது கோயில் மேடை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறியிருப்பான்.