அஷ்டமி நாள் வாடகைக் கார்

சுருளிப்பட்டி
5.10.2007

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அம்மா பொன்னாத்தாள் எழுதுறது. இங்கன நான் சுகம், ஒந்தங்கச்சி நதியா சுகம், செவலப்பசு போன வாரம் கன்னு போட்டு ரெண்டும் சுகம். அங்கன ஸ்காட்லாந்து குளுருல நீயும் சுகமா இருக்கணும்னு சுருளி வேலப்பர வேண்டிக்கிட்டு, வேண்டுன கையோட ஒம்மேல இருக்குற கோவத்தையும் எழுதுறேன். போன்ல பேசுனா நீ குறுக்க பேசுவ, அதான் காயிதம். நீ எழுதுனது திங்கக்கெழம வந்துச்சு. நதியா கல்யாணம் முடியிற வரைக்கும் மீன் புடிக்கப் போகாதம்மா, பெரியப்பா பேச்சக் கேளு, ஊரு ஒரு மாதிரி பேசுதாம்னு எழுதியிருந்த. ரெண்டு தடவ படிச்சேன். மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில வச்சேன். புதன்கெழம, தேய்பிறை அஷ்டமி, விடியுமுன்ன கார் ஏறிப் போயிட்டேன்.

நீ ஒங்க பெரியப்பா சுருளியாண்டி சொன்ன கதையத்தான் கேட்டிருக்க, எங்கதையையும் கேளு. ஒனக்குப் போன் போட்டது பத்தாதுன்னு ஞாயித்துக்கெழம வீட்டுக்கே வந்தாக. கார்த்திகையில கல்யாணத்த வச்சுக்கிட்டு தாலியறுத்தவ வாடகைக் காரப் புடிச்சு, அதுவும் அஷ்டமி நவமி பாத்து மலையேறுறது குடும்பத்துக்கு ஆகாதுன்னாக. தம்பி கோட்டைச்சாமி இருந்து செய்ய வேண்டியத நாந்தான் செய்யப் போறேன், நதியாவத் தாரை வாத்துக் குடுக்கப் போறது நானு, இந்த அஷ்டமிக்கு நீ கார் ஏறுனா நான் மணவடை ஏற மாட்டேன்னு சொல்லிட்டு, போட்ட காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாக. கர்ணன் காரப் பொண்ணழைப்புக்குப் பேசக் கூடாதாம், கெட்ட நாள்ல சுத்துற வண்டியாம். அதே கர்ணன் கார்லதான் அவுக மகன் பாண்டியராஜன் மாப்பிள்ளையா மாலையோட ஒக்காந்து போனான், அது மறந்துபோச்சு.

அந்தக் கல்யாணத்தன்னைக்கு நடந்தத நான் ஒனக்குச் சொல்லல. ஒங்க அப்பா போயி அப்ப ஆறு மாசம். நீ அனுப்புன பணத்துல எடுத்த சீலையக் கட்டிக்கிட்டு நானும் கார்ல ஏறப் போனேன். ஒங்க பெரியம்மா கதவப் புடிச்சுக்கிட்டு, நல்ல காரியத்துக்குப் போற வண்டி, நீ பின்னால பஸ்சுல வா பொன்னாத்தான்னாக. ஊரே பாத்துக்கிட்டிருக்கு. பஸ்சுலதான் போனேன், கடைசிப் பந்தியில ஒக்காந்து தின்னுட்டு வந்தேன். வண்டி ஓட்டுன கர்ணனுக்கு மனசு கேக்கல போல. மூணாம் நாள் வீட்டுக்கு வந்து, சின்னம்மா, முகூர்த்த நாள்லதான் வண்டிக்கு ஓயாத வாடகை, அஷ்டமி நவமியில சும்மாத்தான் நிக்கிது, பாதி வாடகைக்கு எங்க சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன்னான். நல்ல நாளு பூராத்தையும் அவுக எடுத்துக்கிட்டாகல்ல, சரி, கெட்ட நாளெல்லாம் எனக்குன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

போறதுன்னா எங்க போக? மூலையில நீ ஒங்க அப்பாவுக்குன்னு வாங்கியாந்த, பொய் ஈயக் கட்டி எறியிற ஈத்தூண்டில் நின்னுச்சு. முல்லையாத்துல மண்புழு கோத்தே காலத்தக் கழிச்ச மனுசன், அதத் தொட்டுப் பாக்கக்கூடக் குடுத்துவைக்கல. எங்களுக்குக் குடுன்னு நாலு பேரு கேட்டு வந்தாக, நான் குடுக்கல. ஏலே, நீதானடா போன்ல சொல்லிக்குடுத்த, மணிக்கட்ட ஆட்டாதம்மா, கை கடிகார முள்ளு மாதிரி பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல போயிட்டு வரணும்னு. களத்துல கொட்டாங்குச்சிய வச்சு ஆறு மாசம் எறிஞ்சு பழகுனேன். புழுவுக்குப் பதிலா கொக்கியில கட்டுற பொய்ப்பூச்சிக்குப் பக்கத்து வீட்டு ஜக்கம்மாவோட சேவக்கழுத்து எறகு இருக்கு, பூக்கட்டிப் பழகுன வெரலுக்கு அது என்ன பெரிய வித்தையா. அப்பல்லாம் சிரிச்ச. ஓட்டல்ல ஒங்கூட சமைக்கிற வெள்ளக்காரங்ககிட்ட இதுதான் எங்கம்மான்னு போட்டாவக் காட்டுனேன்னு பெருமையாச் சொன்ன. பெரியப்பா ஒரு போன் போட்டதும் நான் அசிங்கமாப் போயிட்டனா?

ஊதாரித்தனம்னும் ஒரு வார்த்த எழுதியிருக்க, அதுக்கும் பதில் வாங்கிக்க. ஆடியும் புரட்டாசியும் கல்யாணமில்லாத மாசம், அதுல தேய்பிறை அஷ்டமின்னா கர்ணன் காரு அவன் வாசல்லதான் நிக்கும், அன்னைக்குத்தான் எடுப்போம். கார்த்திகை மார்கழியில மூச்சே விட மாட்டோம், ஐயப்பசாமிமாரு இருக்குற வண்டியெல்லாம் புடிச்சிருவாக, வாடகை கேக்க முடியாது. காரு ஒண்ணு, ஏறுறது மூணு பேரு, நானு, ஜக்கம்மா, உத்தமபாளையத்து அமுதா டீச்சர், வாடகைய மூணாப் பிரிச்சுக்கிருவோம். ஏரி இருக்குறது மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல, டீச்சருக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு, செக்போஸ்ட்ல வண்டிக்குப் பெர்மிட் போடுறதுலருந்து எஸ்டேட்டு ஆபீஸ்ல மீன் புடிக்கச் சீட்டு வாங்குற வரைக்கும் அவுக பாத்துக்கிருவாக. சீட்டு தூண்டில் கணக்குக்குத்தான், ஆள் கணக்குக்கு இல்ல. ஒரு தூண்டிலுக்கு ஒரு சீட்டு, மாத்தி மாத்தி எறிவோம். புளிச்சோறும் தொவையலும் வீட்டுலருந்து கட்டிக்கிருவோம், ஓட்டல் பக்கம் திரும்புறதில்ல, வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீடு வந்து சேந்துருவோம். தேனிக்கு ஜவுளி எடுக்கப் போயிட்டு வந்தா இதவிடச் செலவு. எது ஊதாரித்தனம்னு நீயே சொல்லு.

புதன்கெழம கம்பம்மெட்டு ஏறுறப்பவே தூத்தல். எஸ்டேட்டு ஏரியில தண்ணி கலங்காமத்தான் இருந்துச்சு. ஜக்கம்மா எறிஞ்ச மொத எறியில கொக்கி அவ கொண்டையிலயே மாட்டி, எடுக்க அரைமணி நேரமாச்சு, அந்த அரைமணி நேரமும் மீனைத்தான் வஞ்சா. எனக்கு மொதல்ல ஒரு குஞ்சு மாட்டுச்சு, விட்டுட்டேன். மதியத்துக்கு மேல ஒண்ணு புடிச்சு இழுத்துச்சு பாரு, நூலு கிர்ருன்னு ஓடுது, தூண்டிலு வளஞ்சு மூக்கு தண்ணியத் தொடுது. நீ சொன்ன மாதிரி விட்டு விட்டுத்தான் இழுத்தேன். ஒங்க அப்பாவ நெனச்சு அழுதிருப்பேன்னு நெனைக்காத. சத்தம் போட்டுச் சிரிச்சேன். அவுக போனதுலருந்து நான் அப்படிச் சிரிச்சதில்ல, டீச்சரு பயந்துபோயி என் தோளப் புடிச்சுக்கிட்டாக. மொழங்கை நீளம், ஒடம்பு பூரா புள்ளி. புடிச்ச மீன விட்டுறணும்னு ஒங்க ஊருல சொல்லுவாக, சொல்லிட்டுப் போகட்டும், கொழம்புக்குக் கொண்டாந்துட்டேன்.

வந்து எறங்குறோம், ஒங்க பெரியப்பா எங்க வாசல்லயே நாற்காலியப் போட்டு ஒக்காந்திருக்காக. சொன்னத மீறி ஏறிட்டில்ல, இனி நான் மணவடை ஏறல, யார வச்சுத் தாரை வாக்குறேன்னு பாக்குறேன்னாக. மாப்பிள்ளை வீட்டுக்கும் வடுகபட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாகளாம். எனக்கு அந்த நேரம் கையில தூண்டிலு, நம்ம புடிவாதத்துக்குப் புள்ள வாழ்க்கைய வம்புல மாட்டிட்டமோன்னு பயந்துட்டேன், அத ஒங்கிட்ட மறைக்கல. நதியாதான் உள்ளருந்து வந்தா. மீன் கூடைய எங்கையிலருந்து வாங்கிக்கிட்டு, அவுக மொகத்தப் பாத்து நிதானமாச் சொன்னா: "என்னயப் பெத்தவ கை இருக்கு பெரியப்பா, அதுவே புடிச்சுக் குடுக்கட்டும்." அவுக துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாக. நதியா மீன் கழுவப் போயிட்டா.

நேத்து வடுகபட்டிக்கு நானே போன் போட்டு, தாரை வாக்கப் போறது நாந்தான்னு சொன்னேன். சம்பந்தகாரரு கொஞ்ச நேரம் இழுத்தாரு, எங்க பக்கம் இப்படி வழக்கமில்லையேன்னாரு. எங்க பக்கமும் இல்ல, நாந்தான் மொதல்லன்னேன். மாப்பிள்ளப் பய போன வாங்கி, அத்தே, நீங்களே நில்லுங்க, எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்னான். நல்ல புள்ள. அப்படியே கம்பத்துக்குப் போயி பத்திரிகை அச்சுக்குக் குடுத்துட்டேன். அழைப்பவர்னு போடுற எடத்துல பெரியப்பா பேரு இல்ல, எம்பேரு. கர்ணன் காரையும் பொண்ணழைப்புக்குப் பேசியாச்சு, முன் சீட்டு எனக்குன்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன்.

குளுருக்குக் காதக் கட்டிக்கிட்டுப் போ, ராத்திரிச் சாப்பாட்ட விட்டுறாத, ஓட்டல்ல அடுப்புப் பக்கம் நின்னுட்டு வேர்வையோட வெளிய வராத. லீவு கெடைச்சா பதினாலாம் நம்பர் கொக்கி நாலு டஜன் மறக்காம வாங்கியா, இங்கன கெடைக்கிறதெல்லாம் சுறாவுக்குப் போடுற மாதிரி இருக்கு. வேலப்பரும் ஒங்க அப்பாவும் ஒனக்குத் தொணையா நிக்கட்டும், நீ நெனைக்கிறதெல்லாம் நடக்கட்டும்.

பத்திரிகையோட மாதிரி ஒண்ணு இதோட வச்சிருக்கேன், விரிச்சுப் பாரு. எம்பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டிருக்கு. அச்சுக்காரரு இருவதாந் தேதி வரைக்கும் பொறுப்பாரு, அதுக்குள்ள ஒம்பேரப் போடவா வேணாமான்னு மட்டும் போன்ல சொல்லு. போடுன்னா, மணவடையில எம்பக்கத்துல வந்து நிக்கணும். தள்ளி நில்லும்மான்னு சொல்லத்தான் வர்றதுன்னா, அந்த வரி காலியாவே இருக்கட்டும் ராசா.

ஒன்னயப் பெத்தவ,
கோ. பொன்னாத்தாள்