பத்தொன்பதாம் தேதிக்கு ஒரு படகு வீடு

நாமக்கல்
21.11.2025

அன்புள்ள தம்பி கதிர்வேலுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மூன்றாம் கோழிக் கொட்டகையைத் திறந்தேன். பூட்டிச் சீல் வைத்துப் பத்து மாதம் ஆகிறது. நேற்று மாலை போலீஸ்காரர் ஒருவர் வந்து சீலை உடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். காபிகூடக் குடிக்காமல் நேராக அங்கேதான் போனேன்.

கூண்டெல்லாம் காலி. எரு காய்ந்து தூளாகிக் கிடக்கிறது. நான்காவது வரிசைக்குக் கீழே தரையில் அந்தக் கறை இருக்கிறது. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தேன். நிறம் மங்கியது, போகவில்லை. வாசல் தூணில் முட்டை எடுக்கும் மாரியப்பனின் தூக்குப்போசி மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. அத்தனை பேர் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், அதை மட்டும் யாரும் தொடவில்லை. மூடியைத் திறந்தேன். அவன் சாப்பிடாமல் விட்டுப்போன களி கல்லாகிக் கிடந்தது. ஊறவைத்துக் கழுவினேன். இதைக் கந்தம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் அவன் பெண்டாட்டியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

பண்ணை ஓடுகிறது. நீ இல்லை என்று தெரிந்ததும் தீவனக்காரன் ஈரச் சோளத்தை ஏற்றிவிடுகிறான். உன் மச்சான் செத்துப்போன பிறகு இந்த ஆறு வருஷமும் நீ கூட நின்றதால்தான் நான் நின்றேன். அதை ஒரு நாளும் மறக்க மாட்டேன்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை. நேரில் பார்த்த சாட்சி என்று என் பெயர். மற்ற இரண்டு சாட்சிகளும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இனி நான் ஒருத்திதான். என்ன செய்யட்டும்?

மகள் இலக்கியாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. குளிருக்குப் போர்வை கொடுத்தார்களா?

உன் அக்கா,
சௌந்திரம்

*

மத்திய சிறை, சேலம்
28.11.2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி கதிர்வேல் எழுதுவது. சுகம். போர்வை உண்டு. உன் கைச்சோறுதான் இல்லை. இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தப் போசியைக் கிணற்றில் வீசு. கழுவியெல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஒரு கோழி செத்தால்கூட மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

உனக்கு ஒரு மாற்றம் வேண்டும். ஆலப்புழாவில் நம் முட்டை எடுக்கும் மொத்த வியாபாரி ஒரு படகு வீடு பேசி வைத்திருக்கிறார். டிசம்பர் 16 முதல் 21 வரை. சமையல்காரரும் உண்டு. கலங்கரை விளக்கம், கடற்கரை, காயல் எல்லாம் பார். கரிமீன் சாப்பிடு. துணைக்கு ஷாலினி வருவாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி வக்கீலும் சொல்கிறார். மற்றதை ஷாலினி நேரில் சொல்வாள்.

எதற்கும் பயப்படாதே. நான் இருக்கிறேன்.

உன் தம்பி,
கதிர்வேல்

*

நாமக்கல்
4.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தபாலில் போடாமல் வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மனைவி வந்தாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வக்கீல் ஆபீசுக்கு அழைத்துப்போனாள். எனக்கு முதுகுத்தண்டில் கோளாறு, எழுந்து நடக்க முடியாது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் அங்கே தயாராக இருந்தது. அதைப் பார்க்க நான் இரண்டு மாடி ஏறிப் போயிருந்தேன். ஷாலினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நங்கையா, எறங்கறப்பவாச்சும் கொஞ்சம் நொண்டுங்க" என்றாள்.

பத்தொன்பதாம் தேதி நான் வராவிட்டால் அன்றே உனக்கு ஜாமீன் கேட்பார்களாம். பொங்கலுக்கு நீ வீட்டில் இருப்பாயாம். சரி, ஆலப்புழா போகிறேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளியே வந்த பிறகு இலக்கியாவைத் தேடாதே. மாரியப்பன் மகனோடு அவள் எங்கோ இருக்கட்டும், நம் வாசலுக்கே வராமல் இருக்கட்டும். உயிரோடு இருக்கட்டும். "விட்டுவிடுகிறேன் அக்கா" என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

சௌந்திரம்

*

சேலம்
10.12.2025

அக்கா,

இதுவும் வக்கீல் கையில்தான் வருகிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை.

என் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நீ உட்கார்ந்தாய். கூறைச்சேலையின் ஒரு முனை உன்னிடம், மறுமுனை என் கையில். உனக்குப் பெண் பிறந்தால் என் மகனுக்குத்தான் என்று சபையில் சொன்னாய். நான் என் முனையை விட்டேனா? மச்சான் போனபோது விட்டேனா? இன்று என் மகன் தலையைக் குனிந்துகொண்டு சங்ககிரியில் படித்த காலேஜ் பக்கமே போவதில்லை. கூடப் படித்த பையன்கள் கேட்கிறார்களாம், "உன்ற அத்தை மகள முட்டை பொறுக்கறவன் கூட்டிட்டுப் போயிட்டானாமே" என்று.

மாரியப்பனோடு அது முடியவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு நாள் இருக்கிறது. இலக்கியாவைப் பற்றிக் கேட்கிறாய். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். அன்றைக்கு அவள் அழுததில் என் சட்டையே நனைந்தது. அவளை நோகடிக்க மாட்டேன். சீக்கிரம் முடித்துவிடுவேன். நீ அழுவாய். கொஞ்ச நாளில் உனக்கே அது நிம்மதியாக இருக்கும்.

ஆலப்புழாவில் நன்றாகச் சாப்பிடு. இளைத்துவிட்டாய் என்று ஷாலினி சொன்னாள்.

கதிர்வேல்

*

ஆலப்புழா, படகு வீடு
18.12.2025, காலை

தம்பி கதிர்வேலுக்கு,

நீ சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். முதல் நாள் கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். முதுகுத்தண்டில் கோளாறுள்ளவள் கடைசிப் படி வரைக்கும் ஏறினாள். கடற்கரையில் பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன, அதையும் பார்த்தேன். பிறகு படகு வீடு. மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரை, உள்ளே ஏசி, கட்டிலில் துண்டை மடித்து வாத்துப்போல் வைத்திருந்தார்கள். காயலின் இரண்டு பக்கமும் வயல், தண்ணீரைவிடத் தாழ்வாக. நம் ஊரில் ஆயிரம் அடிக்கு ரிக் வைத்துப் போர் போட்டும் புழுதி வருகிறது. இங்கே வரப்பு உடைந்தால் ஊரே மூழ்கும். நல்ல ஊர். மனதில் ஒன்றும் இல்லாதவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

நேற்று மத்தியானம் ஒரு வயலோரம் போய்க்கொண்டிருந்தோம். வரப்பில் வெள்ளை அங்கி போட்ட ஏழெட்டு பேர், முகம் மூடியிருந்தது. வலைக்குள் அடைத்த வாத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டார்கள். சில சாக்குகள் அசைந்தன. தள்ளி ஒரு குழியில் ஏற்கெனவே நெருப்பு. இறகு கருகும் வாசம் படகு வரைக்கும் வந்தது. வாத்துக்காரி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை.

"பறவைக் காய்ச்சல் சேச்சி, நோயில்லாத வாத்தையும் விடமாட்டாங்க" என்றார் படகுக்காரர்.

ஷாலினி கரிமீன் தட்டை என் பக்கம் தள்ளினாள். "அங்க பாக்காதீங்க நங்கையா. இனி நம்ம முட்டை வெல எறங்கீரும், போங்க."

நான் சாப்பிடவில்லை. அவளே மேலும் சொன்னாள்: "ஏனுங்க நங்கையா, பட்டில நோவு வந்தா மொத்தத்தையும் எடுத்தாத்தான மத்தது பொழைக்கும்? உங்க தம்பி செஞ்சதும் அப்படித்தானுங்களே. இதுக்குப் போயி நீங்க வருசம் பூராவும் மனசு ஒடஞ்சு கெடக்கறீங்க."

"இலக்கியாளையும் சேத்தா சொல்ற?" என்றேன்.

அவள் கரிமீன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் எடுத்தாள். சதையை மட்டும் என் தட்டில் வைத்தாள்.

அன்று நடந்ததை உனக்கே ஒருமுறை எழுத வேண்டும். நீ மறந்திருக்க மாட்டாய். நான் சரியாகப் பார்த்தேனா என்று எனக்குத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாரியப்பன் மகனோடு போகிறேன் என்று இலக்கியா எழுதி வைத்த சீட்டைப் பார்த்ததும் நான் உனக்குத்தான் ஃபோன் செய்தேன். நல்லதோ கெட்டதோ தாய்மாமனிடம்தானே முதலில் சொல்ல வேண்டும். வேறு எதையும் யோசிக்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் இரண்டு ஆட்களோடு வந்தாய். மாரியப்பன் மூன்றாம் கொட்டகையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த முட்டை அட்டையை இறக்கி வைக்கக்கூட நீ விடவில்லை.

"எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கற?"

"சத்தியமாத் தெரியாதுங்க சாமி. என்ற பையன் எங்கிட்டயும் சொல்லலீங்க."

எரு அள்ளும் மம்முட்டியின் காம்பால் முதலில் முழங்காலில் அடித்தாய். உடைந்த முட்டைகளின் மேல் விழுந்தார். பிறகு வாயில். பிறகு எங்கே என்று நீ பார்க்கவில்லை. மஞ்சள் கருவும் ரத்தமும் ஒன்றாக ஓடிச் சாக்கடையில் இறங்கியது. கொட்டகை பூராவும் கோழிகள் கூண்டில் மோதிக்கொண்டு கத்தின. அவர் என்னைப் பார்த்து, "அம்மிணி, நீங்களாச்சும் சொல்லுங்க அம்மிணி" என்றார். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய தூக்குப்போசி என் தோளில் இடித்தது. நீ மம்முட்டியைத் திருப்பிப் பிடித்தாய். தகடு இறங்கியபோது வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை.

அந்தக் கோழிகளை வேறு கொட்டகைக்கு மாற்றிய பிறகும் ஒரு வாரம் தோல்முட்டையாகவே இட்டன. பயந்த கோழிக்கு ஓடு கட்டாது என்பது உனக்குத் தெரியும். நான் மட்டும் அடுத்த நாளே உனக்குச் சோறு கட்டி ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இலக்கியாவிடமிருந்து தகவல் இல்லை என்று எழுதினேனே, அது பொய். இரண்டு முறை பேசினாள், யாருடைய ஃபோனிலிருந்தோ. இரண்டு முறையும் ஒரே கேள்விதான். "அம்மா, மாமனுக்கு யாரும்மா சொன்னது?" இரண்டு முறையும் ஃபோனை நானே வைத்துவிட்டேன்.

உன் முனையை நீ விடவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மை. அதனால்தான் மாரியப்பன் செத்தார். நானும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பொங்கலுக்குப் பிறகு என் மகள்.

உன் கடைசிக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. என் பையில் இருக்கிறது. தூக்குப்போசியும் இருக்கிறது. அதில் முறுக்கு கொண்டுவந்திருக்கிறேன் என்று ஷாலினி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று இரண்டு கேட்டாள். அப்புறம் தருகிறேன் என்றேன்.

அவள் இன்னும் எழவில்லை. இந்தத் துறையில் ஏழரை மணிக்குச் சனங்கள் வேலைக்குப் போகும் படகு ஒன்று வருகிறது. ஆலப்புழா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுமாம். சேலத்துக்கு இன்று மத்தியானம் ரயில் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்குக் கோர்ட் கூடும்போது என் பெயரைக் கூப்பிடுவார்கள். கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொல்லப் போகிறேன். உன் கடிதத்தையும் கொடுக்கப் போகிறேன். யார் உனக்குச் சொன்னது என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

வக்கீலுக்குத் தெரியாது. இலக்கியாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை நாளை கோர்ட்டிலிருந்து இறங்கி, கந்தம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு, அதற்குப் பிறகுதான் தபாலில் போடுவேன்.

மார்கழிக் குளிர் அதிகம். இரண்டு போர்வை கேட்டு வாங்கிக்கொள்.

அக்கா,
சௌந்திரம்