ரேடாருக்குப் போட்ட மாலை

பீளமேடு,
வியாழக்கிழமை.

என் தங்கம் பிரத்யுஷாவுக்கு, அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் வயிற்றிலிருக்கும் குட்டியும் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு பாதிக் கதையை முழுங்கிவிடுவார். அதனால்தான் கூரியரில் வரும் முறுக்கு டப்பாவோடு இந்தக் கடிதம்.

நம் கார் சரியாகிவிட்டது, கண்ணு! ரயிலில் அலைய முடியாது, கோளாறு வண்டியிலும் ஏற மாட்டேன், பிரசவத்தைப் பெங்களூரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா வேறு, "ராசியில்லாத வண்டி, வித்துப்போடலாம்" என்று தினமும் ஒரே பாட்டு.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்குமே, அந்தக் குரூஸ் கண்ட்ரோல்தான் தகராறு. நான் ஓட்டினால் 'சென்சார் மறைந்துள்ளது' என்று கத்தும். ஒர்க்‌ஷாப்பில் ஓட்டினால் சமர்த்தாக இருக்கும். போன முறையும் சென்சாரைத் துடைத்துக் கொடுத்து, "எல்லாம் நல்லா இருக்குதுங்கம்மா" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! இந்தத் தடவை நானே ஓட்டுகிறேன் என்று மெக்கானிக் அஃபானைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

கிளம்பும் முன் அந்தத் தம்பி, வண்டியின் முகப்பில் அப்பா கட்டியிருந்த ஜிகினா மாலையைப் பதனமாகக் கழற்றிச் சுவர்க் கொக்கியில் மாட்டினான். காரமடைக் கோயில் வாசலில் வாங்கியதே, அதுதான். ஏன் தம்பி என்றேன். "சாமி மாலைங்கம்மா, ஓட்டிப் பாக்கறப்போ பிஞ்சு போச்சுன்னா மனசு கஷ்டமுங்க. எப்பவும் கழட்டி வெச்சுட்டு, வண்டி குடுக்கறப்போ கட்டிருவோமுங்க" என்றான்.

நீலாம்பூர் வரை போய் வந்தோம். ஒரு சத்தமில்லை. மாலைதான் காரணமோ என்று எனக்குப் பொறி தட்டியது. மாலையைக் கட்டச் சொல்லி மறுபடி எடுத்தேன். சின்னியம்பாளையம் தாண்டவில்லை, கத்த ஆரம்பித்துவிட்டது. ஓரங்கட்டி அவிழ்த்தோம், கொஞ்ச தூரத்தில் அடங்கிவிட்டது. அஃபான் தலையில் அடித்துக்கொண்டான். முகப்புச் சின்னத்துக்குப் பின்னால்தான் ரேடார் இருக்கிறதாம். ஜிகினாவின் உலோகப் பூச்சு அதை மறைத்துவிட்டதாம். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வண்டியை எடுக்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த உன் அப்பாவிடம் சொன்னபோது முகம் தொங்கிவிட்டது. "நீ ஒருத்தியா ரோட்டுல போறே, உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் கட்டினேன்" என்றார். அந்த மனுஷன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமி மாலையை எங்கே வைப்பது என்று யோசித்தாரோ என்னவோ, ஒர்க்‌ஷாப்பே பார்த்துக்கொண்டிருக்க என் கழுத்தில் போட்டுவிட்டார்! அஃபான் கை தட்டுகிறான். இந்த வயதில் எனக்கு வெட்கம் வேறு.

உன்னை அழைத்துவரச் சனிக்கிழமை விடிகாலையில் கிளம்புகிறோம். உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டியாயிற்று. நீயும் குட்டியும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல், அம்மா மெதுவாகவே ஓட்டுகிறேன். ஏறி மட்டும் உட்கார்ந்துவிடு, அம்மணி.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா ராமாமணி