சுவரில் பதித்த ஸ்பீக்கர்கள்

கல்லடி, வெள்ளிக்கிழமை இரவு.

மகளுக்குச் சீதனமாக இந்த வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் மனைவியும் பின்வளவில் கட்டும் சிறிய வீட்டுக்குப் போவோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மருமகனாக வரவிருப்பவர் இன்று கூடத்தில் நின்று என் ஸ்பீக்கர்களைத் தடவிப் பார்த்தார்.

“மாமா, இதுவும் வீட்டோடதானே?”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சிரித்தாள். “ஓம் மகன். சுவரில பூட்டினதெல்லாம் வீட்டோடதான் போகும் எண்டு கோட்டில வாதாடுறவர் இவர்தானே!”

உண்மை. சட்டத்தரணியாகப் பலமுறை அவ்வாறு வாதிட்டிருக்கிறேன். ஒரு மோட்டார் சைக்கிளின் விலை கொடுத்து வாங்கிய பெயர்பெற்ற கம்பனிச் சாமான் என்பதால், எவரும் அசைக்காதிருக்க மேசனைக் கொண்டு சீமெந்து வைத்துச் சுவரில் பதிக்கச் செய்தவனும் நானே. “ஓம்” என்று சொல்லிவிட்டேன். இனி மறுக்க இயலாது.

அந்த விலைக்கு அவை தகுதியற்றவை என்று நிறுவிவிட்டால் மனம் சற்று ஆறும். ஆகவே ஒரே பாட்டை முதலில் மகளின் மலிவான சிறிய ஸ்பீக்கரிலும், பின்னர் இவற்றிலும் கேட்டேன். பாடத் தொடங்குமுன் பாடகி மூச்செடுப்பது இவற்றில் மட்டுமே கேட்டது.

வேறொரு பாட்டை வைத்துப் பார்த்தேன். அதிலும் கேட்டது.