பூட்டு மாமா

மார்ச் 3

எங்கள் பழைய வரிசை வீட்டில் வளர்ந்த தையல்காரம்மா மகள், தன் வறுமைக் காலத்தைப் புத்தகமாக எழுதியிருக்கிறாளாம். அப்பாவும் அதில் வருகிறாராம். வாங்கி வந்துவிட்டேன். அப்பாவுக்கு இப்போது கண் தெரியாது. சொன்னதுமே சவரம் செய்துவிடச் சொன்னார்.

"புத்தகத்துல ஏறிட்டேன்ல!"

போட்டோ எடுக்கப் போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கத்தி பிடிக்கவே வரவில்லை.

மார்ச் 4

முதலில் நானே படித்துப் பார்க்கலாமென்று சமையலறையில் உட்கார்ந்தேன். அப்பா வருவது இரண்டே பக்கம். பெயர்கூட இல்லை, 'பூட்டு மாமா'.

எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரே குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்த காவல்காரர். அவள் தினமும் எங்கள் வீட்டுத் தொட்டியை நிரப்பிய பிறகுதான் அவள் வீட்டுக்கு ஒரு குடம். அவளுடைய அம்மா பிள்ளை பெற்றுக் கிடந்த அன்று, "இன்னைக்கு மட்டும் எங்களுக்கு முதல்ல" என்று கேட்டிருக்கிறாள். நிறைந்த குடத்தை அப்பா காலால் உதைத்துச் சாய்த்தாராம். அவளுக்கு எட்டு வயது.

எனக்கும் அப்போது எட்டுதான்.

"என் பொண்ணு குடம் தூக்கக் கூடாது" என்பார் அப்பா. தாயில்லாப் பெண்ணை எப்படித் தாங்கினார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேனே! தொட்டி தானாகவா நிறைந்தது? ஒருநாளாவது கேட்டேனா — கேட்கத் தோன்றவே இல்லை.

மார்ச் 5

அண்ணன் போனில்: "ரெண்டு பக்கம்தானே, கிழிச்சுப் போடு. சாகப்போற மனுஷனை எதுக்கு நோகடிக்கிற?"

கிழிக்கவில்லை.

மார்ச் 7

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் படித்தேன். "கண்டிப்பானவர். ஆனாலும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் குடம் கொடுத்தவர்."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். அப்பா அழுதார். பாவம், மனசு இளகிவிட்டது என்று நினைத்து நானும் அழுதேன்.

மார்ச் 8

டீயை உறிஞ்சிக்கொண்டே அவராகத்தான் சொன்னார்: "அன்னைக்குக் குடத்தை எட்டி உதைச்சேன், அதை மறந்துட்டா போல. சின்னப் பிள்ளைதானே. நல்லவேளை, பிழைச்சேன்."

சிரிப்பு வேறு.

ஆக, இத்தனை வருஷமும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது! நேற்று குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நான்தான் கொடுத்தேன். அவள் கொடுக்க வேண்டிய மன்னிப்பைக் கொடுக்க நான் யாரு? ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 10

வேலைக்குப் போனேன். அப்பாவோடு பேசவில்லை.

மார்ச் 11

அப்பா தண்ணீர் கேட்டார். முதல் தடவை கேட்டபோது எழுந்திருக்க மனம் வரவில்லை. பிறகு மொண்டு கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, புத்தகத்தை எடுத்து, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன். பாதியில் கையை நீட்டி, "போதும்மா" என்றார்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குப்பா" என்றேன். படித்து முடித்தேன்.