பௌர்ணமியன்று எண்ணிய பேருந்துகள்

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மதிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறபடி நலமாக இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் நீ சைக்கிள் ஓட்டும் சாலையில் மழையும் எப்படி என்று எழுது. அம்மாவுக்கு வழக்கம்போலச் செவ்வாயும் வெள்ளியும் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நம் ஊரிலிருந்து ஆறேகால் மினி பஸ்ஸில் வந்துவிடுகிறோம், கண்டக்டர் புகழேந்தி அவளுக்கென்று முன் சீட்டில் துண்டு போட்டு வைத்திருக்கிறான். இப்போது உள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள், நான் வெளியே பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் இந்நேரம் அங்கே விடிந்திருக்காது, மற்ற நேரம் போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். தபாலில் போட்டால் கடிதம் உன்னிடம் வந்து சேரும் முன்னால் இங்கே அரசாணையே வந்துவிடும். ஆகவே எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். இதற்குள் இரண்டு முறை எழுந்து போய் வேண்டாத டீ குடித்தாயிற்று.

போன வாரம் ஊராட்சி செயலர் முருகவேல் ஒரு புத்தகத்தோடு ஓடி வந்து, அண்ணே நம்ம மதி பேரு கவருமெண்ட்டு புக்குல வந்துக்குது, ஸ்வீட் எங்கன்னு கேட்டான். கிரிவலப் பாதையில் பசுமைப் போக்குவரத்து, அரசுக்கு ஆய்வு வழிப் பரிந்துரைகள் என்று தலைப்பு. உன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சென்னையில் உள்ள ஒன்றும் சேர்ந்து செய்தது. நான்காவது பெயர் உன்னுடையது. அம்மா அட்டையில் குங்குமம் வைத்து, இங்கே நர்ஸ்களிடம் கொண்டு வந்து காட்டினாள். ஒரு வரி படிக்க முடியாத அவளைவிட எனக்குத்தான் பெருமை ஜாஸ்தியாக இருந்தது, நான் படிக்கும் வரை.

முப்பத்து மூன்று வருஷம் தாலுகா ஆபீஸில் கோப்பு பார்த்தவன், எதையும் பின்னிணைப்பிலிருந்துதான் தொடங்குவேன். பக்கம் அறுபத்தொன்று. மாணவர்கள் ஆறு பேர் நம் ஊர்க் கோயிலுக்கு எதிரே காலை ஐந்து மணி முதல் நின்று எண்ணியிருக்கிறார்கள். பேருந்து, பூஜ்யம். ஆட்டோ, பூஜ்யம். நடப்பவர்கள், எண்ணி மாளவில்லை. தேதி பிப்ரவரி பன்னிரண்டு, பௌர்ணமி. அன்றைக்குப் போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஒரே பயணத்தில் அரசு வேலையும் கிரிவலமும் முடித்துக்கொண்டார்கள். வேறு நாளில் வந்திருந்தால் புண்ணியம் கம்மியாகியிருக்கும், பஸ் கிடைத்திருக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுபதாம் பக்கத்தில், இச்சாலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நடந்தே செல்வதால் டீசல் பஸ்ஸையும் ஆட்டோவையும் யாருக்கும் இடையூறின்றி உடனே நிறுத்தலாம், பேட்டரி வண்டிகள் இரண்டாம் கட்டத்தில் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று கண்ணாடி போட்டும் தேடினேன், காணோம். அதுவரை அம்மா ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்ப நடக்க வேண்டும்.

புகை வேண்டும் என்கிறவன் இல்லை நான், அந்த பஸ்ஸில் இருமிக்கொண்டே வருகிறவன். அரசு பல்கலைக்கழகத்தைக் கேட்டு நடப்பதும் நல்லதுதான், என் காலத்தில் அதிகாரிகள் மச்சானைக் கேட்டு நடந்தார்கள். ஆனால் மச்சான் சொன்னதை மறுத்துப் பேசலாம், ஆராய்ச்சி சொன்னதை மறுத்தால் படிக்காதவன் என்று உட்காரச் சொல்லிவிடுவார்கள். மதி, நீ இந்த ஊரில் பிறந்தவள், பௌர்ணமிக்கு பஸ் இல்லாமல் பள்ளியிலிருந்து வரப்பு வழியாக நடந்து வந்தவள். அந்தத் தேதியை நீ பார்க்கவில்லையா, அல்லது பார்த்துவிட்டு, நான்காவது பெயர் எதற்கு வாய் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டாயா? முதலாவது என்றால் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதை நினைத்துத்தான் ஒரு வாரமாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இருபதாம் தேதி கலெக்டர் அலுவலகத்தில் குழு கூடி இந்தப் பரிந்துரைகள் மீது ஊராரிடம் கருத்துக் கேட்டு முடிவெடுக்கிறது. முடிவுக்குப் பின் வரும் திருத்தம் எந்த பீரோவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், நானே பல வருஷம் அதைப் பூட்டியிருக்கிறேன். அதற்கு முன் சாதாரண நாள் ஒன்றில் மறுபடி எண்ணச் சொல்லி எழுது. ஆகஸ்டில் உன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கிறது. அதனால் முதலில் பேராசிரியருக்கு மட்டும் எழுது, எல்லாருக்கும் நகல் போடாதே. தவறைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடு, பெரியவர்கள் அப்படித்தான் திருந்துவார்கள்.

நீ எழுதாவிட்டால் நான் எழுந்து பேசத்தான் போகிறேன். அதில் ஒரு சங்கடம். நம்ம பொண்ணு பேர மைக்குல படிப்பாங்களாமே, நான் வராம எப்பிடின்னு அம்மாவும் கிளம்புகிறாள், அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். அந்தப் புத்தகம் தப்பு என்று அவள் பக்கத்தில் நின்று என்னைச் சொல்ல வைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எடுத்த காரியம் எல்லாம் நன்றாக நடக்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மணி பத்தே முக்கால் ஆகிறது. பதினொன்றுக்கு வெளியே வருவாள், வந்ததும் பொண்ணுக்கு இன்னா எழுதினீங்கன்னு கேட்பாள். நலம் விசாரித்து எழுதினேன் என்று சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கு. அர்ஜுனன்